இலக்கியாவுக்குள் வந்து தங்கியவர்கள்

இலக்கியாவுக்கு ரத்தம் ஏற்றினால், கொடுத்தவர் யாரோ அவருடைய குணம் ஒன்றும் கூடவே ஏறிவிடும். அடுத்த முறை ஏற்றும்வரை, ஏறக்குறைய மூன்று வாரம், அது அவளுக்குள் தங்கியிருக்கும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் அவர்கள் தெருவுக்கே இது தெரியும், தக்காளி விலை தெரிவதைப் போல. பிச்சாவரத்தில் படகு ஓட்டும் அய்யனாரின் ரத்தம் ஏறியபோது அவளுக்கு நாலு வயது. விடிகாலையில் எழுந்து உட்கார்ந்து, உப்பனாற்றில் தண்ணீர் ஏறுகிறது என்றாள். துறைமுகத்து ஆட்கள் போய்ப் பார்த்துவிட்டு, ஏறித்தான் இருக்கிறது என்றார்கள். பண்ருட்டி கண்ணாயிரத்தின் ரத்தத்தில், பலாப்பழத்தைத் தட்டியே உள்ளே எத்தனை சுளை என்று சொன்னாள். முத்தம்மாள் டீச்சரின் ரத்தத்தில், யாரும் சொல்லிக்கொடுக்காத கீர்த்தனைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் பாடினாள். அம்மா இளவரசி இட்லி வேகும்வரை நின்று கேட்டாள்.

பிள்ளைக்கு ஒரு வயது முடிவதற்குள் உடம்பு வெளுத்துப்போய், சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அது தலசீமியா என்று சொன்னார்கள். அப்பா கொளஞ்சியின் ரத்தத்தில் ஒரு குறை, அம்மாவின் ரத்தத்தில் அதே குறை; தனித்தனியாக இருந்தவரை இருவருக்கும் ஒன்றும் செய்யவில்லை, பிள்ளைக்குள் இரண்டும் சேர்ந்துவிட்டன. கொளஞ்சி இளவரசிக்கு அத்தை மகன். அந்தக் குடும்பத்தில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் எத்தனையோ தலைமுறையாக உள்ளுக்குள்ளேயேதான். மூத்தவள் தில்லைச்செல்வியையும் சோதித்தார்கள். அவளும் அந்தக் குறையைச் சுமப்பவள், ஆனால் ஆரோக்கியமாக இருந்தாள்.

ரத்தம் கொடுத்தவர் பெயரை ஆஸ்பத்திரியில் சொல்ல மாட்டார்கள். இலக்கியாவின் நாக்கை வைத்தே இளவரசி ஆளைக் கண்டுபிடித்தாள். பிள்ளை எதைக் கேட்டு அடம்பிடிக்கிறதோ அது கொடுத்தவருக்குப் பிடித்த பண்டம். அதைச் சமைத்துத் தூக்கில் எடுத்துக்கொண்டு, கேட்டு விசாரித்துக் கடைசியில் அந்த வீட்டு வாசலில் போய் நின்றுவிடுவாள். அய்யனாருக்குச் சுறாப்புட்டு அப்படித்தான் போனது. "எப்படிக்கா தெரிஞ்சுது?" என்று அவர் கேட்டார். "எம்பொண்ணு சொல்லிச்சு" என்றாள்.

கொளஞ்சி கொடுத்தது ஒரே ஒரு முறை, நோய் இன்னதென்று தெரிவதற்கு முன். அந்த ரத்தம் வாயே திறக்கவில்லை. பஸ் ஜன்னலில் தலை சாய்ந்ததும் தூங்கிவிடும் அவருடைய வரம் பிள்ளைக்கு வரவில்லை. அப்பன் ரத்தம், ஏற்கெனவே உள்ளே இருப்பதுதானே என்று இளவரசி விட்டுவிட்டாள். அது திரும்ப நினைவுக்கு வந்தது, தில்லைச்செல்வி படிப்பை முடித்த ஆண்டு ஐப்பசியில். சிதம்பரத்திலிருந்து கொளஞ்சியின் அக்காள் விருத்தாம்பாள் தன் மகன் கார்த்திகேசனையும் கூட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு நாள் குறிக்க வந்திருந்தாள். செல்வி வயசுக்கு வந்தபோதே பேசி முடித்த பேச்சு. செல்விக்கும் அவன்மேல் ஆசை. அடைமழையில் ரத்தம் கிடைக்காத வாரம் அது. "நம்ம ரத்தம் இருக்கும்போது ஊரான் ரத்தம் எதுக்கு அத்தை?" என்று கார்த்திகேசன் போய்ப் படுத்துக் கொடுத்துவிட்டு வந்தான்.

எந்தப் பாட்டைக் கேட்டாலும் மேசையில் தாளம் போடும் விரல்கள் அவனுக்கு. இலக்கியா தாளம் போடுவாள் என்று வீடே காத்திருந்தது. அவள் டிவி முன்னால் மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். "மச்சான் ரத்தம் ஊமையா இருக்கும்மா. நீ சொல்லுவியே, அப்பாவுது மாதிரியே."

இளவரசி அடுப்பை அணைத்தாள்; கொளஞ்சிக்கு இருந்த குறை இவனுக்கும் இருக்குமோ. சொன்னால் நாத்தனார் உறவு அறுந்துபோகும். சொல்லாவிட்டால் செல்வியும் ஒருநாள் தன்னைப் போலவே ஊசி முனையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டி வரலாம். கார்த்திகேசனும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடட்டும் என்று சொல்லிவிட்டாள்.

"என்னா டெஸ்டு?" என்றாள் விருத்தாம்பாள். "எம்புள்ள ஒரே மூச்சுல எட்டு புரோட்டா தின்னுறான், அவனுக்கு நோவா? ஊரான் ரத்தத்துல வளந்த பொண்ணு வாய்க்கு வந்தத சொல்லுது, நீ எங்க வம்சத்தையே டெஸ்ட் பண்ண வந்துட்ட."

"எனக்கும் அதே வம்சந்தான் அண்ணி. அதனாலதான் கேக்குறேன்."

விருத்தாம்பாள் காப்பி குடிக்காமல் பஸ் ஏறினாள். கார்த்திகேசன் அம்மாவிடம் சொல்லாமல் போய்ப் பரிசோதனை செய்துகொண்டான். அவனும் சுமப்பவன்தான். கட்டிக்கொள்ளக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு, கருவிலேயே பார்க்கவும் வழி உண்டு என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். கட்டிக்கொள்ளலாமா என்று செல்வி தங்கையிடம்தான் முதலில் கேட்டாள். "எனக்குத் துணைக்கு ஒருத்தி வந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றாள் இலக்கியா. "ஆனா ஊசி அவளுக்கும் வலிக்குமே." சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் செல்வியும் கார்த்திகேசனும் நெடுநேரம் பேசினார்கள். கடையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவன் விரல் அசையவில்லை. டீ ஆறிப்போன பிறகு இருவரும் வேறு வேறு பஸ்ஸில் ஏறினார்கள். அடுத்த ஆண்டு அவனுக்கு விருத்தாசலத்தில், குறையில்லாத ரத்தம் என்று பார்த்தே, பெண் எடுத்தார்கள்.

அதற்கும் அடுத்த ஆண்டு இலக்கியாவுக்கு மூன்று வாரம் கோபமே வரவில்லை. தெருவில் சொட்டும் குழாயைக் கண்டால் மட்டும் தாங்க மாட்டாள், நின்று இறுக மூடிவிட்டுத்தான் நடப்பாள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கேட்டாள். குழம்போடு போன இளவரசி, சிதம்பரத்தில் கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்த சித்தார்த்தைக் கண்டுபிடித்தாள். தூக்கைத் திருப்பிக் கொடுக்க அவன் கடலூர் வந்தான், கதவைத் திறந்தவள் செல்வி. மூடியை மறந்துவிட்டதாக மறு வாரமும் வந்தான். பெண் கேட்பதற்கு முன்பே ரத்தத்தைச் சோதித்துக்கொண்டு வந்தான், குறை எதுவும் இல்லை.

"யாரு, எவரு, ஒண்ணும் விசாரிக்காம பொண்ணு குடுப்பாங்களா?" என்றாள் விருத்தாம்பாள். மகன் கல்யாணத்துக்குப் பிறகு அவள் மறுபடி காப்பி குடிக்கத் தொடங்கியிருந்தாள்.

"நான் விசாரிச்சுட்டேன் அத்தை" என்றாள் இலக்கியா. "மூணு வாரம் உள்ளயே இருந்தாரு. நல்லவருதான்."

இதைவிடப் பெரிய விசாரிப்பு யாராலும் காட்ட முடியவில்லை. சிதம்பரத்தில் கல்யாணம் நடந்தது. ரத்தம் கொடுத்தவர்களில் இளவரசி நேரில் போய் அழைத்திருந்த எல்லோரும் வந்தார்கள், சீர்த்தட்டோடு. கண்ணாயிரம் இரண்டு பலாப்பழம் சுமந்து வந்தார். வாசலில் கார்த்திகேசன் ஆட்களை உட்காரவைத்துக்கொண்டிருந்தான். மேளச் சத்தத்துக்கு அவன் விரல்கள் நாற்காலி முதுகில் தாளம் போட்டன. சந்தனத்தட்டு வைத்திருந்த விருத்தாம்பாள் ஒருவரைப் பார்த்துவிட்டு, "இவரு நமக்கு என்ன முறைடி?" என்று இலக்கியாவிடம் கேட்டாள்.

"அய்யனாரு. நாலு வயசுல எனக்குள்ள இருந்தவரு அத்தை."

விருத்தாம்பாள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு பன்னீர் தெளித்து, "அப்ப அண்ணன் முறைதான். உள்ள வாங்கண்ணே, பந்தி போட்டாச்சு" என்றாள். தூண் ஓரம் நின்று அதைக் கேட்ட இளவரசிக்கு யாரைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியவில்லை. மண்டபத்தை முழுதாகப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, தண்ணீர் வைக்கப் போனாள். அந்த வாரம் இலக்கியாவுக்குள் இருந்தவர் யாரோ ஒரு சமையல்காரர். சாம்பாரில் பெருங்காயம் போதவில்லை என்று அவள் சொல்லியனுப்பினாள். போட்டார்கள், சரியாக இருந்தது.