மூன்று டிப்பர் மண்

2024 செப்டம்பர் 23, திங்கட்கிழமை. கிள்ளையிலிருந்து பிச்சாவரம் போகும் சாலையில் உள்ள ஒரு தனியார் விடுதியின் பின்வாசலில் காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு ஒரு டிப்பர் மண் இறங்கியது. ஒன்பதரைக்குள் இன்னும் இரண்டு இறங்கின. காவலறைப் பதிவேட்டில் ‘வண்டல் மண், மூன்று லோடு’ என்று எழுதியிருக்கிறது. ‘தரம் பார்த்தவர்’ என்ற கட்டத்தில் உள்ள கையெழுத்து: ப. அமராவதி.

அமராவதிக்கு வயது நாற்பத்தாறு. விடுதித் தோட்டத்தில் வேலை செய்யும் ஐந்து பேரில் மூத்தவள். ஆறு வருடமாக அங்கே இருக்கிறாள். சம்பளம் ஒப்பந்தக்காரர் வழியாக வரும். அதனால் விடுதியின் ஆள் கணக்கில் அவள் பெயர் கிடையாது.

அவள் பொறுப்பில் இருந்தது உப்பனாற்றைப் பார்த்த பன்னிரண்டாயிரம் சதுர அடிப் புல்தரை. விடுதியின் விளம்பரப் படங்களில் அறைகளைவிட அந்தப் புல்தரைதான் அதிகம். கல்யாணம், நிச்சயதார்த்தம், கம்பெனிக் கூட்டம் எல்லாம் அதன்மேல்தான் நடந்தன. முதல் வருடம் அவள் அதற்கு நெல் வயல்போலத் தண்ணீர் கட்டி, ஒரு மூலையை அழுகவிட்டாள். அதற்குப் பிறகு கற்றுக்கொண்டாள். சித்திரை, வைகாசியில் புல்லைக் கட்டையாக வெட்டக் கூடாது. மூன்று விரல் உயரம் விட்டால்தான் வேர் வேகாது. அந்த மாதங்களில் போர்வெல் தண்ணீர் உப்பேறிவிடும், அதனால் லாரித் தண்ணீர். ஆடிக் காற்றில் சருகு கூட்டவே பாதி நாள் போகும். மழைக்கு முன்னால், புரட்டாசியில், புல்லை ஒட்ட வெட்டி, கம்பியால் குத்தித் துளை போட்டு, மேலே மெல்லிசாக மண் தூவ வேண்டும். ஐப்பசி மழை அதை உள்ளே இறக்கிவிடும். மார்கழியில் காலையில் மட்டும் தண்ணீர். சாயங்காலம் விட்டால் பனியோடு சேர்ந்து பூஞ்சை வட்டம் வட்டமாக விழும்.

புரட்டாசி மண்ணுக்கு ஐந்து வருடமும் சலித்த மணலும் மக்கிய இலைதழையும்தான் போட்டிருந்தார்கள். ஆறாவது வருடம் வண்டல் என்று வந்தது.

அந்த யோசனையை மேனேஜரிடம் சொன்னவர் சூப்பர்வைசர் வைத்திலிங்கம். அவர் அமராவதியின் அக்கா பவானியின் கணவர். அவளை வேலையில் சேர்த்துவிட்டதும் அவர்தான். அதை அவரும் மறக்கவில்லை, அவளையும் மறக்கவிட்டதில்லை.

காட்டுமன்னார்கோயில் பக்கம் அவருக்கு முக்கால் ஏக்கர் நிலம் உண்டு. வாய்க்காலை ஒட்டிய தலைமாட்டில் ஒரு திட்டு மேடேறி, உள்ளே தண்ணீர் ஏறாமல் மூன்று வருடமாக நிலம் தரிசாகக் கிடந்தது. அந்த ஊர்களில் இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. மண் தேவைப்படுகிறவன் தன் செலவில் வந்து மேட்டைச் சுரண்டி எடுத்துப்போவான். அவனுக்கு மண், நிலத்துக்காரனுக்கு மட்டம். இருவரும் தமக்குத்தான் லாபம் என்று நினைத்துக்கொண்டு பிரிவார்கள். இந்த முறை மண் எடுத்தது விடுதி. யாருடைய நிலம் என்று மேனேஜர் கார்த்திகேசன் கேட்கவில்லை, வைத்திலிங்கமும் சொல்லவில்லை. கார்த்திகேசன் ஹோட்டல் படிப்புப் படித்த கடலூர்க்காரர். வீராணம் பக்கத்து வண்டல் என்றதும் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அமராவதி குவியலில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி உதிர்த்தாள். கொண்டைக்கடலை அளவில் கறுத்த முண்டுகள், நூல் போன்ற வேரில் கோத்தபடி கையோடு வந்தன. ஒன்றை நகத்தால் கீறி முகர்ந்து பார்த்தாள். கோரைக் கிழங்கு.

“மாமா, இது ஒங்க வாய்க்காத் திட்டு மண்ணுதான?”

“மண்ணுல பேரு எழுதியிருக்கா?”

“நான் அங்க ரெண்டு போகம் களை எடுத்தவ. கோரை மண்டிக் கெடந்த எடம். இதப் போட்டா லானு போயிடும்.”

“சலிச்சுப் போடு. இதக்கூடவா சொல்லித் தரணும்?”

“சலிச்சாலும் பொடிசெல்லாம் சல்லடக் கண்ணு வழியா எறங்கிடும் மாமா.”

“எறங்குனா புடுங்கு. கோரை புடுங்கத் தெரியாத பொம்பளையா நீ?” என்றார் வைத்திலிங்கம். பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஜனவரிக்குப் பேரு எழுதி அனுப்பப் போறது யாரு? கையெழுத்தப் போட்டுட்டு வேலயப் பாரு.”

ஜனவரியில் தோட்டத்து ஆட்களில் இரண்டு பேரை நிரந்தரமாக்கப்போவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. நிரந்தரம் என்றால் குடும்பத்துக்கே இலவச வைத்தியம் தரும் ஈ.எஸ்.ஐ. அட்டை. அமராவதியின் கணவன் பஞ்சநாதன் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கியவன். இரண்டு வருடம் முன்பு முதுகெலும்பில் தட்டு விலகி, வலது கால் மரத்துப்போய், கட்டிலோடு இருக்கிறான். ஆபரேஷன் செய்தால் நடக்கலாம் என்று சிதம்பரத்தில் பார்த்த டாக்டர் சொல்லியிருந்தார். அந்த அட்டையைத் தவிர வேறு எதையும் அவள் அந்த விடுதியிடம் எதிர்பார்க்கவில்லை.

அவள் கையெழுத்துப் போட்டதற்கு அட்டை மட்டும் காரணமில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து அவள் கோரை பிடுங்கியிருக்கிறாள். நடவு முடிந்து இரண்டு முறை களை எடுத்தால் போதும். பிறகு பயிர் மூடிக்கொள்ளும். நிற்கிற தண்ணீரிலும் நெல்லின் நிழலிலும் கோரை தானாக அடங்கும். இங்கும் அப்படி அடக்கிவிடலாம் என்று அவள் கை நம்பியது. மூன்று விரல் உயரப் புல் எதற்கும் நிழல் தராது என்பதை அவள் யோசிக்கவில்லை.

எட்டு நாள் சலித்தார்கள். இரண்டு சாக்குக் கிழங்கு சேர்ந்தது. கூட வேலை செய்த கயல்விழி கிள்ளைக்காரி, மீன்பிடிக் குடும்பத்துப் பெண். அவள் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “அக்கா, வறுத்து உப்பு போட்டு பாக்கெட் கட்டிடலாமா? போட்டிங் வர்ற சனம் வாங்கித் தின்னும்” என்றாள். அமராவதியும் சிரித்தாள். சலித்த மண்ணை விரித்து, துடைப்பத்தால் இழுத்துச் சமப்படுத்தினார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அக்டோபர் நடுவில் மழை பிடித்தது. பத்தாம் நாள் புல்தரை முழுக்கப் பச்சை ஊசிகள் குத்திக்கொண்டு எழுந்தன. மிஷினால் வெட்டினால் புல் வளர ஒரு வாரம் ஆயிற்று. கோரை மூன்றே நாளில் அதைத் தாண்டி நின்றது. அமராவதி தினமும் காலை ஆறரைக்குக் குந்தி உட்கார்ந்து வரிசை வரிசையாகப் பிடுங்கினாள். இழுத்தால் தாள் மட்டும் கையோடு வந்தது. கிழங்கு அடியில் தங்கி, ஒன்று இருந்த இடத்தில் இரண்டாகத் துளிர்த்தது. கத்தியால் நோண்டி எடுத்தாள். புல்தரையில் குழிகள் விழுந்தன. வைத்திலிங்கம் சிதம்பரத்திலிருந்து ஒரு மருந்து வாங்கிவந்து அடிக்கச் சொன்னார். புல் மஞ்சளடித்தது. நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழையில் நான்கு நாள் தண்ணீர் நின்றது. புல் அழுகிய இடங்களிலும் கோரை ஏறிக்கொண்டது.

டிசம்பர் இரண்டாம் வாரம், தை மாதக் கல்யாணத்துக்கு இடம் பார்க்கக் கடலூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பெண்ணின் தகப்பனார் புல்தரையின் ஓரத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கார்த்திகேசனிடம் திரும்பி, இங்கே எத்தனை மாடு கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டார். அவர்கள் காபிகூடக் குடிக்காமல் போனார்கள்.

மறுநாள் தோட்டத்து ஆட்கள் ஐந்து பேரையும் வைத்திலிங்கத்தையும் மேனேஜர் புல்தரையில் நிற்கவைத்தார். இந்தக் களை எங்கிருந்து வந்தது என்று கேட்டார். வைத்திலிங்கம் பேசினார்.

“எருவுல வந்துருக்கு சார். பூச்செடிக்கு அமராவதி வூட்டுச் சாணி எருதான் போடுறோம். சரியா மக்காம கொண்டாந்துட்டாங்க. மழத் தண்ணியில அடிச்சுகிட்டு லான்ல எறங்கிடுச்சு.”

அமராவதி வீட்டில் இரண்டு எருமைகள் இருந்தது உண்மை. ஒவ்வொரு வருடமும் எரு அங்கிருந்து வந்ததும் உண்மை. அவள் மாமாவைப் பார்த்தாள். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சென்னை அலுவலகம் அறிக்கை கேட்கிறது என்றும், திங்கட்கிழமைக்குள் அவள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்றும், அதுவரை ஜனவரிப் பட்டியல் போகாது என்றும் மேனேஜர் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பவானி இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தாள். தங்கையின் கணவனுக்குச் சாத்துக்குடி வாங்கி வந்திருந்தாள். மண் எங்கிருந்து போனது என்று அவளுக்குத் தெரியும். வெட்டிய அன்று வரப்பில் நின்று பார்த்தவள். எருவில் வந்தது என்று ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுக்கும்படி கேட்டாள்.

“ஒனக்குன்னா, நாலு வார்த்த திட்டுவாங்க. அவுருக்குன்னா வேலயே போயிடும். சொந்த நெலத்து மண்ண வித்தாருன்னு சொல்லுவாங்க. பேர எழுத வைக்கறது என் பொறுப்பு, அமரா.”

“எழுதுனா நான் கெடுத்தன்னு ஆயிடும். கெடுத்தவ பேர யாருக்கா பர்மனென்ட்டுக்கு அனுப்புவாங்க?”

“இன்னிக்கு வேலயில இருக்கறதே அவுரால. அத நெனச்சுப் பாரு.”

கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த பஞ்சநாதன் திரும்பாமலே பேசினான். “அவுரு பண்ணதெல்லாம் நாங்க நெனச்சுதான் பாக்குறோம், மதினி. அவுரு வயல்ல தண்ணி ஏறிடுச்சுல்ல? அது போதும்னு சொல்லுங்க.”

பவானி ஐந்தரை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சாத்துக்குடிப் பையைக் கட்டிலின் அடியில் வைத்தாள். அமராவதி அதை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தாள். அவள் வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை அமராவதி எதுவும் எழுதாமல் மேனேஜர் அறைக்குப் போனாள். மண் யாருடைய நிலத்திலிருந்து வந்தது, அங்கே என்ன மண்டிக் கிடந்தது, ஏன் அது வெட்டப்பட்டது என்று வரிசையாகச் சொன்னாள். கார்த்திகேசன் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் காவலறையிலிருந்து பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். பக்கத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார்.

“இது ஒங்க கையெழுத்துதானே?”

“ஆமா சார்.”

“கோரைன்னு அன்னிக்கே தெரியுமா?”

தெரியாது என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. சொன்னால் அதுவரை சொன்னது எல்லாம் பொய்யாகும்.

“தெரியும் சார். மாமா போடச் சொன்னாரு.”

“ஒங்க மாமா சொன்னாருன்னு இதுல எழுதலையே.”

வைத்திலிங்கத்தை அழைத்தார்கள். அவர் அமைதியாகவே பேசினார். மண் தன் நிலத்துடையதுதான் என்று ஒத்துக்கொண்டார். முன்பு எருவில் வந்தது என்று சொன்னதைப் பற்றிக் கார்த்திகேசன் கேட்கவில்லை. விடுதிக்குச் செலவு குறையட்டும் என்று மண்ணுக்கு விலை வாங்காமல் கொடுத்ததாகச் சொன்னார். தரம் பார்க்க வேண்டியது தோட்டத்து மூத்த ஆள், அவள் பார்த்து ஒத்துக்கொண்டுதான் பரப்பினாள் என்றார். தன் மனைவிக்கும் அவள் தங்கைக்கும் அப்பா வீட்டு மனை விஷயமாகக் கொஞ்ச நாளாகப் பேச்சு சரியில்லை, அந்தக் கோபத்தில் பேசுகிறாள் என்றும் சேர்த்துக்கொண்டார். அப்படி ஒரு மனையே இல்லை. அதை அமராவதி சொன்னாள். கார்த்திகேசன் கையைக் காட்டி நிறுத்தினார். சென்னைக்கு அனுப்பும் அறிக்கைக்கு அவருக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. கையெழுத்தோடு இருந்தது ஒரே பெயர்தான்.

வெளியே வந்தபோது வைத்திலிங்கம் அவளோடு வராந்தா முனைவரை நடந்தார்.

“பேசாம இருந்திருந்தா அடுத்த வருஷமாவது எழுதியிருப்பேன்” என்றார்.

“அடுத்த வருஷம் யார் தலையில போடுவீங்க, மாமா?”

அவர் ஸ்டோர் ரூம் சாவியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஜனவரிப் பட்டியலில் இருந்த இரண்டு பெயர்கள், மிஷின் ஓட்டும் தங்கராசுவும் கயல்விழியும். அதைச் சொல்லக் கயல்விழியே அமராவதி வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. தான் கேட்கவில்லை என்று இரண்டு முறை சொன்னாள். அமராவதி, அட்டை வந்ததும் உன் அம்மாவின் மங்கிய கண்ணை டாக்டரிடம் காட்டிவிடு, தள்ளிப்போடாதே என்றாள்.

வைத்திலிங்கத்தின் நிலத்தில் அந்தச் சம்பாவில் தண்ணீர் கடைசி மூலைவரை போய்ச் சேர்ந்தது. தை பின்பாதியில் அறுத்தார்கள். பவானி புது அரிசி கொடுத்தனுப்பவில்லை. அமராவதி எதிர்பார்க்கவும் இல்லை.

பிப்ரவரியில் ஜே.சி.பி. வைத்துப் புல்தரையை ஓரடி ஆழத்துக்குச் சுரண்டி எடுத்தார்கள். ஜல்லி கொட்டி இறுக்கி, அதன்மேல் பிளாஸ்டிக் புல்விரிப்பு ஒட்டினார்கள். எட்டு வருடம் நிறம் மாறாது என்று விற்றவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர் வேண்டாம், வெட்ட வேண்டாம், மண் போட வேண்டாம். வாரம் ஒருமுறை குழாயால் அடித்துத் தூசியைக் கழுவினால் போதும். தோட்டத்துக்கு ஐந்து ஆள் தேவைப்படவில்லை. இரண்டு பேர் போதும் என்று முடிவாயிற்று.

2025 ஏப்ரல் 1 முதல் அமராவதியை வர வேண்டாம் என்று ஒப்பந்தக்காரர் போனில் சொன்னார். பஞ்சநாதனுக்கு ஆபரேஷன் நடக்கவில்லை.