நாலு கண் காலண்டர்

“தாளு எதுனாலும் சரிக்கா. கருகுனது, கிழிஞ்சது, ஒட்டிக் கெடக்கிறது… கண்ணுல பட்டா எடுத்து வைங்க.”

“குப்பை பொறுக்கவா எங்களக் கூட்டியாந்தீக?” என்று என் கணவர் சபரிநாதன் சிரித்தார். “துடுப்புப் போட்டே தோளு கழண்டுருச்சு.”

“இன்னும் பாதித் தூரம் வரலண்ணே. சிவகாசிக்காரவுகளுக்கு வெடிக்கத்தான் தெரியும்போல.”

சொன்னவள் சுகிர்தா. கடல்பாசி எடுக்க முங்குகிறவள். ஊர் பார்க்க வருகிறவர்களைக் கயாக் என்னும் சின்னத் துடுப்புப் படகில் ஏற்றி, எதிரே இருக்கும் ஆளில்லாத் தீவுக்கும் கூட்டிப்போகிறாள். சாயல்குடியைத் தாண்டி, தார் ரோடு முடிந்த பிறகும் மணலில் உருண்டு போனால் வரும் முள்ளித்துறைதான் அவள் ஊர். அங்கே நான்கைந்து தெருக்கள், ஒரு கோயில், ஒரு டீக்கடை. போன் சிக்னல் மட்டும் இல்லை.

“தாளு எதுக்கு?” என்று கேட்டேன்.

அவள் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டாள். “எங்கண்ணன் ஆண்டிச்சாமிக்கு வலது கை போயிருச்சுக்கா. மீனுக்கு வெடி எறிய இந்தத் தீவுப் பக்கந்தான் கூலிக்குப் போனான். கையிலயே வெடிச்சிருச்சு. ஆஸ்பத்திரியில போலீஸு காவலு. வெடிய அவனே வீட்ல செஞ்சு வித்தான்னு கேஸு. அவனுக்குச் சோறாக்கவே தெரியாது. எங்கயோ ஒரு பட்டாசுக் கம்பெனில சுருட்டுனதுன்னு காட்ட ஒரு துண்டு கெடச்சாப் போதும், மத்தத நான் பாத்துக்கிறேன்னு வக்கீலு சொல்லுதாரு.”

இவர் துடுப்பை வேகமாகப் போட்டு முன்னால் போய்விட்டார்.

கல்யாணமாகி ஆறு மாதம் கழித்து வந்த முதல் பயணம் இது. ஊட்டி என்று அவர் சொல்ல, கடல் என்று நான் அடம்பிடித்தேன். சிவகாசிப் பக்கம் நாரணாபுரத்தில் வெயில் ஏறிய மாடி அறையில் படுத்து நான் படித்த மொழிபெயர்ப்பு நாவல்களில் கடல் எப்போதும் குளிராக இருக்கும். மூடுபனிக்குள் யாராவது ஒருவர் தனியாகப் படகு வலிப்பார். முள்ளித்துறை என்றதும் இவர், “அங்கன என்ன இருக்கு?” என்று மட்டும் கேட்டார். இந்தக் கடல் வெந்நீராக இருந்தது. ஆனாலும் அலையாத்தி வேர்களுக்கு நடுவே கயாக் நுழைந்து, தண்ணீர் பச்சையாகி, சத்தமெல்லாம் அடங்கியபோது நான் கையைத் தண்ணீருக்குள் விட்டு அளைந்தேன்.

தீவில் கரையேறியதும் சுகிர்தா கயாக்குகளை மேலே இழுத்துக் கட்டப் போனாள். இவர் கூடாரத்தை விரித்தார். நான் மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் நடந்தேன். அலை எட்டாத முள்செடி ஒன்றின் அடியில், ஒரு சாண் நீளத்தில், பாதி பிளந்த காகிதக் குழாய் கிடந்தது. உள்ளே வெறுமை, ஓரமெல்லாம் கருகல்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வெடித்த குழாயைச் சும்மா விடமாட்டார்கள். உரித்து உரித்து, உள்ளே என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்ப்பார்கள். வீணாய்ப்போன அச்சுத்தாளில்தானே குழாய் சுருட்டுவது. சின்ன வயதில் நான் பாதிக் கதைகளை அப்படித்தான் படித்தேன். அந்தப் பழக்கத்தில் கை தானாக உரித்தது. மேலே பழுப்புத்தாள். அடுத்தது வெறும் சிவப்பு. மூன்றாவது சுற்றில் ஒரு முகம். அதற்கு நான்கு கண்கள்.

என் முகம்.

எங்கள் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுக்க, எங்கள் படம் போட்ட காலண்டருக்கு, பட்டாசுக் கம்பெனி நடத்தும் மாமனார் ஆர்டர் கொடுத்திருந்தார். முதல் முறை அடித்ததில் நிறம் நிறத்தோடு சேராமல் போய், எனக்கு நான்கு கண்ணும் இவருக்கு இரண்டு மீசையும் விழுந்தன. வீடே உருண்டு சிரித்தது. “வெளிய போனாச் சந்தி சிரிக்கும். ஒரு தாளு விடாம நம்ம கம்பெனியிலயே சுருட்டிருவோம்” என்று மாமனார் மொத்த லோடையும் வாங்கி வந்துவிட்டார். அது வேறெங்கும் போகவில்லை.

பின்னால் இவர் வந்து நின்றதுகூடத் தெரியவில்லை. தாளை நீட்டினேன். ‘இது எப்படி இங்கே?’ என்று அவர் கேட்பார், கேட்கட்டும் என்று காத்திருந்தேன்.

அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

“கடல்ல போட்டுரு” என்றார் மெதுவாக.

“ஏங்க…”

“சீசன் முடிஞ்சா ஆறு மாசம் கம்பெனி என்ன செய்யும்? கேட்டாக, குடுத்தோம். மீனுக்குன்னுதான குடுத்தோம். அப்பாவுக்கும் தெரியும். போடு கீர்த்தி.”

“அவ அண்ணனுக்குக் கை போயிருச்சுங்க.”

“அவன் கைய நானா எடுத்தேன்?” கையை நீட்டினார். “இங்கன குடு.”

ஒவ்வொரு மத்தியானமும் நான் தட்டில் வைக்கிற சோற்றைப் பிசைகிற கை அது. நான் ஓர் அடி பின்னால் போனேன். தாள் என் உள்ளங்கைக்குள் கசங்கியது.

மணல்மேட்டில் காலடிச் சத்தம் கேட்டது. ஈரப் பாவாடையைப் பிழிந்தபடி சுகிர்தா இறங்கி வந்தாள். அவர் கையைச் சட்டென்று பைக்குள் விட்டுக்கொண்டார். காலடியில் கிடந்த பழுப்புத்தாளை அவள் பார்த்தாள். பிறகு என் மூடிய கையைப் பார்த்தாள். அவள் முகம் விரிந்தது.

“கெடச்சிருச்சாக்கா? குடுங்கக்கா, பாப்போம்.”