உள்ளே தங்கியது

"இடுப்பை இறுக்காதீங்க ரோதிகாம்மா. மூச்சை மெல்ல விடுங்க," என்றாள் டாக்டர் இலிங்கா.

ரோதிகா மூச்சை விட்டாள். நுனியில் கேமரா வைத்த மெல்லிய குழாய் கருப்பைக்குள் போய்க்கொண்டிருந்தது, கூடவே உப்புத் தண்ணீரும். அடிவயிற்றில் ஒரு பிடிப்பு, தாங்க முடியாததில்லை. மூன்று மாதமாக நிற்காத உதிரப்போக்கு மட்டும் இல்லையென்றால் யாஷ் நகரத்து ஆஸ்பத்திரி மேசையில் இப்படி வந்து படுத்திருக்க மாட்டாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் எந்த டாக்டரையும் அவள் உள்ளே பார்க்க விட்டதில்லை.

திரையில் இளஞ்சிவப்பாக ஒரு சின்ன அறை விரிந்தது. அதன் ஓரத்தில், சதையில் பாதி புதைந்து, வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

"சதை வளர்ச்சி மாதிரி இல்லையே," என்று டாக்டர் குழாயை இன்னும் நெருக்கினாள். குழாய் வழியாகவே ஒரு சின்ன இடுக்கியை நுழைத்து அதைத் தொட்டுப் பார்த்தாள். "கெட்டியா இருக்கு. எலும்பு மாதிரி."

டாக்டருக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. தலைமாட்டில் நின்ற நர்ஸ் அவ்ரிகாவுக்கு அறுபது இருக்கும். அவ்ரிகா திரையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு குனிந்து, ரோதிகாவின் காதோரம் கேட்டாள்.

"எந்த வருஷம்?"

"எண்பத்தேழு."

அவ்ரிகா ரோதிகாவின் கையை எடுத்துப் பிடித்துக்கொண்டாள்.

கருவைக் கலைத்தால் ஜெயில் என்று நாட்டில் சட்டம் இருந்த காலம் அது. ரோதிகாவுக்கு இருபது வயது, நூற்பாலை வேலை, நான்கு மாதம். அவளோடு பழகியவன் பட்டாளத்துக்குப் போய்விட்டிருந்தான். கலாட்ஸ் ஊரில் யாரோ ஒருத்தியின் சமையலறை மேசையில் அது முடிந்தது. வாயில் துண்டைத் திணித்திருந்தார்கள், பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதென்று. மறுநாள் காய்ச்சலோடு ஆலையில் நூற்கும் மெஷினுக்கு முன்னால் நின்றாள். அதற்கப்புறம் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

இடுக்கி துண்டு துண்டாக எடுத்துவந்தது. மொத்தம் மூன்று. பெரியது நகக்கண் அளவு.

டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு அருகில் உட்கார்ந்தாள். "பழைய கருவோட எலும்பு இது. உள்ளயே கிடந்ததாலதான் அப்புறம் கரு தங்காம போயிருக்கணும். ரிப்போர்ட்ல எழுதித்தான் ஆகணும். ஆனா உங்க வீட்டுக்காரர்கிட்ட நானா எதுவும் சொல்ல மாட்டேன்."

அவள் கணவன் சாண்டுவுக்குப் பதினைந்து வயதில் பொன்னுக்குவீங்கி வந்தது. அது வந்த ஆண்களுக்குச் சில நேரம் குழந்தை பிறக்காது என்பார்கள். தங்களுக்குக் குழந்தை இல்லாததற்கு அதுதான் காரணம் என்று அவனாகவே முடிவுகட்டிக்கொண்டான். தன் அம்மா ரோதிகாவை ஜாடையாகக் குத்திப் பேசியபோதெல்லாம், "அவளை விடும்மா, குறை என்கிட்டதான்," என்று குறுக்கே வந்தான். ஒரு ஈஸ்டர் அன்று குடித்துவிட்டு அவளிடம் மன்னிப்புக்கூடக் கேட்டான். அவள் அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வெளியே பெஞ்சில் சாண்டு அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான்.

"என்ன ரோதி, உள்ளே புதையல் ஏதும் கிடைச்சுதா?"

நடைபாதையில் காத்திருந்த பெண்கள் சிரித்தார்கள். அவள் அவனை முற்றத்துக்குக் கூட்டிப்போனாள். லிண்டன் மரத்தடியில் நின்று சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இருபத்துமூன்று வருஷமாக எத்தனையோ விதமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்தது, இவ்வளவு சின்னதாகவா இருந்தது என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது.

"குறை உன்கிட்ட இல்ல சாண்டு. எப்பவுமே இருந்ததில்ல."

அவன் கைப்பையை அவளிடம் நீட்டினான்.

"எங்கம்மா சாகறப்பகூட என்கிட்டதான் குறைன்னு சொன்னேன்," என்றான். "நீ பக்கத்துலயே நின்னுட்டிருந்த."

"ஆமா."

அவன் நடக்கத் தொடங்கினான். வேகமாக. அவளால் கூடவே போக முடியவில்லை, அடிவயிறு இழுத்தது. மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேட்டுக்கு வெளியே அவன் நிற்பது தெரிந்தது, முதுகைக் காட்டியபடி. திரும்பிப் பார்க்கவில்லை. நடக்கவும் இல்லை. ஆட்கள் அவனுக்கு இரண்டு பக்கமும் விலகிப் போனார்கள்.