சத்தம் வராத மெஷின்

ஷாதிபூர் முதியோர் இல்லத்தில் ஒச்சப்பனுக்குப் புத்தி தடுமாறுகிறது என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள். வயது எண்பத்திரண்டு. இலங்கையிலிருந்து வந்து, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டியவர். சாப்பிட்டீர்களா என்று கேட்டால் தலையை ஆட்டிச் சிரிப்பார். வெந்நீர் வேண்டுமா என்றாலும் அதே சிரிப்புதான். ஞாபகமறதி உள்ளவர்கள் இருக்கும் பின்கட்டுக்கு அவரை மாற்றிவிடலாம் என்றார் பொறுப்பாளர் விஜயன்.

வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகாத ஷாஹினாவுக்கு அது சரியாகப் படவில்லை. காலைக்கு எது, மாலைக்கு எது என்று ஒச்சப்பன் தன் மாத்திரைகளைத் தானே பிரித்து எடுப்பதை அவள் பார்த்திருந்தாள். காது கேட்பதற்கு வைக்கும் மெஷினும் காதில் இருந்தது. பேட்டரி போன வாரம்தான் மாற்றியது என்றார்கள்.

அன்று மாலை அவரிடம் கையை நீட்டி மெஷினைக் கேட்டாள். அவர் தயங்கித் தயங்கித்தான் கழற்றிக் கொடுத்தார். அதை ஓடவிட்டு உள்ளங்கைக்குள் மூடிப் பார்த்தாள். நல்ல மெஷின் என்றால் கைக்குள் கீச்சென்று விசிலடிக்கும். அவளுடைய வாப்பாவும் ஒன்று வைத்திருந்ததால் அவளுக்கு அது தெரியும். இதில் சத்தமே இல்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது மெல்லிய குழாய்க்குள் நீர்த்துளிகள் தெரிந்தன. காதுக்குள் வைக்கும் பகுதியின் ஓட்டையைக் குறும்பி அடைத்திருந்தது.

அந்தப் பகுதியையும் குழாயையும் மட்டும் தனியே கழற்றி, சோப்புப் போட்டு வெதுவெதுப்பான நீரில் கழுவினாள். குழாயில் காற்றடித்து ஈரத்தை வெளியேற்றிக் காயவைத்தாள். மறுநாள் காலை மாட்டிவிட்டு, அவருக்கு நேரெதிரே உட்கார்ந்தாள்.

"ஐயா, கேக்குதா?"

"கேக்குது. கத்தாத புள்ள."

எத்தனை நாளாகக் கேட்கவில்லை என்று விசாரித்தாள். ஒரு மாதமாக என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"மெஷின் கராப், ஓடலன்னு சொன்னா கப்பல்ல மெயின்லேண்டுக்கு அனுப்பிருவாங்க. போன தடவ திரும்பி வர நாலு மாசம். காதுல ஒண்ணும் இல்லன்னா செவிடன்னு யாரும் கிட்டயே வர்றதில்ல. இது இருந்தா ரெண்டு வார்த்தையாவது பேசுறாங்க. கேக்காட்டியும் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கலாம்ல."

ஷாஹினா இதைச் சொன்னதும் விஜயன் இல்லத்தில் மெஷின் வைத்திருந்த மற்ற நால்வரிடமும் போய், ஒவ்வொன்றாகக் கைக்குள் மூடிப் பார்த்தார். இரண்டில் சத்தம் இல்லை. அவர்களில் ஒருவரான அமிர்தவல்லியின் பேட்டரியில் ஒட்டியிருந்த தாளையே யாரும் உரிக்கவில்லை; அதை உரித்தால்தான் பேட்டரி வேலை செய்யும். இனி தினமும் காலை டீக்கு முன்னால் எல்லா மெஷினையும் பார்த்துவிட வேண்டும் என்று ஊழியர்களிடம் சொன்னார். பின்கட்டுப் பேச்சு அதோடு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை ஒச்சப்பனின் மகன் ரவிக்குமார், தான் குடும்பத்தோடு இருக்கும் பாராடாங்கிலிருந்து போன் செய்தார். ஒரு மாதமாக ஒச்சப்பன் போனில் 'சரி, சரி' என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார். இந்த முறை, பேத்தி திவ்யாவுக்கு இது எத்தனையாவது மாதம் என்று கேட்டார்.

திவ்யாவுக்குப் பெண் குழந்தை பிறந்து பதினாறு நாளாகிறது என்றும், அப்பாவிடம் அன்றைக்கே சொன்னதாகவும் ரவிக்குமார் சொன்னார்.

ஒச்சப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குக் கேக்கலடா. மொதல்லேருந்து சொல்லு."

ரவிக்குமார் சொல்லச் சொல்ல, எடை என்ன, யார் ஜாடை என்று கேட்டுக்கொண்டே இருந்தார். போனை வைத்ததும் விஜயனிடம் போய், பாராடாங்குக்குக் காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார்.