ஹா தே

பம்பாய் மாட்டுங்காவில் வேங்கடசுப்ரமணியனை ஆர்க்கிடெக்ட் என்று அறிமுகப்படுத்தினால் முகம் சுருங்கிவிடும். 'ஸ்பேஸ் திங்க்கர்' என்று சொல்லவேண்டும். அவர் சிந்தித்த ஸ்பேஸில் ஒன்று, ஒரு அடுக்குமாடிக் கட்டடம், செம்பூரில் ஒரு பெரிய சாக்கடைக்கு எதிரே இன்னும் நிற்கிறது. பெயர் ஃப்யோர்டு வியூ; ஃப்யோர்டு என்றால் நார்வேயில் மலைகளுக்கு நடுவே புகுந்து கிடக்கும் கடல். வேறு யாராவதாக இருந்தால் சாயி கிருபா என்று வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். பில்டர் சிமென்ட்டை மிச்சம் பிடிக்க ஜன்னல்களுக்கு மேலே சன்ஷேடு இல்லாமல் விட்டதை, "இதாக்கும் நார்டிக் எளிமை" என்று குடிவந்தவர்களுக்கு விளக்கினார். ஒவ்வொரு ஜூலையிலும் அவர்கள் ஜன்னலடியில் வாளி வைத்து அந்த எளிமையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஸ்காண்டிநேவியாவைப் பற்றி முப்பது வருஷமாகப் பேசினாரே தவிர, அந்தப் பக்கம் போனதில்லை. நார்வேயில் ஒரு பள்ளத்தாக்கில் எண்ணூறு வருஷமாக நிற்கும் மரத் தேவாலயம் ஒன்று அவருடைய எல்லா உரைகளிலும் வரும். கல்யாணப் பந்தியில் ரசத்துக்கும் மோருக்கும் நடுவிலேகூட வந்திருக்கிறது.

இந்தத் தடவை மகள் மானசா, நார்வேயில் பெர்கன் நகரத்தில் கப்பல் கம்பெனி வேலை, "வாங்கோப்பா, கார் எடுத்துண்டு சுத்தலாம்" என்று கூப்பிட்டதும் உடனே சரி என்றார். காரணம் வீட்டில் யாருக்கும் தெரியாது. பக்கத்துப் பேட்டையான சயனில் ஒரு கண் டாக்டர் அவரிடம், விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டு வருகிறது, ஓரத்தில் இருப்பது தெரியும், நேர் எதிரே இருப்பது போய்விடும், போனது திரும்பாது என்று சொல்லியிருந்தார். மனைவி ஷ்யாமளாவுக்குத் தெரிந்தால் டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக இழுப்பாள். அந்தத் தேவாலயத்தை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அதுவரை வாயைத் திறக்கக்கூடாது. பேப்பர் படிக்க முடியாமல் போனபோது, "ஜர்னலிசம் செத்துப்போச்சு" என்று அறிவித்தார். ஷ்யாமளா நம்பிவிட்டாள். அவருடைய அறிவிப்புகளில் வாரத்துக்கு ஏதாவது ஒன்று செத்துக்கொண்டுதான் இருக்கும்.

பெர்கனிலிருந்து கிளம்பி முதலில் காபிக்கு நிறுத்திய கடையில், கல்லாவில் இருந்த பெண் ரசீதை நீட்டிச் சிரித்துக்கொண்டே "ஹா தே" என்றாள். நாற்பது வருஷம் பம்பாயில் காய்கறி வாங்கின ஷ்யாமளாவின் காதில் அது "ஹாங், தே" என்று விழுந்தது. இந்தியில், ஆமாம், கொடு. காபிக்குக் கொடுத்தாயிற்றே, இன்னும் என்ன கேட்கிறாள்? ஷ்யாமளா பையைத் துழாவி, மாட்டுங்காவில் வாங்கிவந்த நேந்திரங்காய் வறுவலில் ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டினாள். பெண் திகைத்து, முகம் மலர்ந்து, வாங்கிக்கொண்டாள்.

காருக்குள் வந்ததும் மானசா ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "அம்மா! ஹா தேன்னா பை-பை!"

"பை-பை சொல்றவ கையை நீட்டுவாளா?"

"ரசீது குடுத்தாம்மா."

"அசடு," என்றார் வேங்கடசுப்ரமணியன் முன் சீட்டிலிருந்து. "நார்வீஜியன் ஒரு ஜெர்மானிக் மொழி. இவ அதுல காய்கறி விக்கற பாஜிவாலா இந்தியைத் தேடறா."

"நான் தேடலை. அதுவா வந்து விழறது."

அர்த்தம் தெரிந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. ஹா தே சொன்னதும், படகுத்துறையில் கார்களை வரிசைப்படுத்தினவருக்கு ஒரு பாக்கெட், விடுதிக்காரிக்கு ஒரு பாக்கெட். "கேக்கற மாதிரியே இருக்கு. இல்லைன்னு எப்படிடி சொல்றது?"

பாதை தண்ணீரை ஒட்டியே போயிற்று. மலைகள் நேராக நீருக்குள் இறங்கின. வீடுகளின் கூரையில் புல் வளர்ந்திருப்பதை மானசா சொன்னாள். "பசுமைக் கூரை. எத்தனை நூற்றாண்டு ஞானம்!" என்று உடனே ஆரம்பித்தார் வேங்கடசுப்ரமணியன்.

"நம்ம ஃப்யோர்டு வியூ மொட்டை மாடியில ஞானம் இல்லாமயே வளர்ந்திருக்கே," என்றாள் ஷ்யாமளா.

மலை வளைவில் ஒரு காட்சிமுனை. விளிம்பில் சின்னதாக ஒரு கட்டடம். வேங்கடசுப்ரமணியன் காரிலிருந்து இறங்கி, தலையைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு நின்றார். சமீபத்தில் அப்படித்தான் எதையும் பார்க்கிறார். பெரிய மனிதர் போஸ் என்று மானசா நினைத்திருந்தாள். பிறகு நேராகத் திரும்பி, கையைத் தூக்கினார்.

"கான்கிரீட். கண்ணாடி. வானம். மூணே பொருள். இது தியான மண்டபம், மானசா. இங்கே மனுஷன் தன் பாரத்தையெல்லாம் இறக்கி வச்சுட்டு, லேசாகி வெளியே வரான்."

கதவு திறந்தது. பருத்த மனிதர் ஒருவர் பெல்ட்டை இறுக்கிக்கொண்டே வெளியே வந்தார்.

"லேசாத்தான் வரார்!" மானசாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "டாய்லெட்பா அது!"

"நல்ல ஆர்க்கிடெக்ட் டாய்லெட்டையும் தியான மண்டபமாத்தான் கட்டுவான்," என்று அவர் சமாளித்தார்.

ஷ்யாமளா சிரிக்கவில்லை. கதவில் ஆண், பெண் உருவங்கள் முறம் அளவுக்கு வரையப்பட்டிருந்தன. அவர் அதற்கு நேர் எதிரே நின்றுதான் கையைத் தூக்கினார். போன மாதம் கிங்ஸ் சர்க்கிளில் துணிக்கடை வாசல் பொம்மையிடம் அவர், "சௌக்கியமா மாமி?" என்று கேட்டது ஞாபகம் வந்தது. ஜோக் என்று நினைத்து இவள் சிரித்திருந்தாள். செத்துப்போன ஜர்னலிசமும் ஞாபகம் வந்தது.

மறுநாள் காலையில், "முன்னால வெயில் அடிக்கறது. பின்னால வந்து உக்காருங்கோ," என்றாள். வெயிலே இல்லை. அவர் வந்து உட்கார்ந்தார். கார் கிளம்பியதும் அவள் தன்பாட்டுக்குப் பேச ஆரம்பித்தாள். அதோ தண்ணிக்கு அந்தண்டை ஒரு வீடு, குங்குமச் சிமிழ் மாதிரி செவப்பு. மலை மேலேர்ந்து அருவி, யாரோ வேஷ்டி காயப்போட்ட மாதிரி.

"எனக்குத் தெரியறது."

"எனக்குத் தெரியறதை நான் சொல்றேன். முப்பது வருஷம் நீங்க பேசினேள், நான் கேட்டேன்."

காருக்கு சார்ஜ் போட மானசா ஓரிடத்தில் நிறுத்தி இறங்கினாள். உள்ளே இரண்டு பேர் மட்டும். வேங்கடசுப்ரமணியன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார்: "எப்பத் தெரிஞ்சது?"

"நேத்திக்கு. அந்தக் கதவைப் பார்த்து." அவள் அவர் பக்கம் திரும்பினாள். "டாக்டர் கிட்டப் போனேளா?"

"போனேன். பண்றதுக்கு ஒண்ணும் இல்லையாம்."

"எங்கிட்டச் சொல்லப்படாதா?"

"சொன்னா இங்க வந்திருப்போமா?"

அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். அவர் சொன்னது சரிதான்.

"இப்போ திரும்பிப் போலாம்பியா?" என்று அவரே கேட்டார்.

"அந்தக் கோயில் இன்னும் எத்தனை தூரம்?"

"பக்கத்துலதான்."

"பின்னே என்ன? பார்த்துட்டே போவோம்."

தேவாலயம் புல்வெளி நடுவே நின்றது. வேங்கடசுப்ரமணியன் கைப்பிடிச் சுவர் அருகே வந்து நின்றார். சுற்றிலும் மலை தெளிவாகத் தெரிந்தது. புல் தெரிந்தது. மேலே மேகம் தெரிந்தது. முப்பது வருஷமாகப் பேசியது சரியாக நடுவில் இருந்தது. நடுவில்தான் ஒன்றும் இல்லை, சாம்பல் நிறத்தில் ஒரு கறை. தலையைத் திருப்பிப் பார்த்தார். ஒரு கூர்முனை எட்டிப்பார்த்துவிட்டு ஓடிவிட்டது.

அவர் உரையாற்றவில்லை. "நீ சொல்லு, ஷ்யாமு," என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததில்லை. அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"கூரை மேல கூரை. கொலுப்படி மாதிரி, மேல போகப் போகச் சின்னது. மீன் செதிள் மாதிரி பலகைத் துண்டா அடுக்கியிருக்கா."

"ஷிங்கிள்."

"குறுக்கே பேசாதேங்கோ. நன்னாக் கறுப்பு, நம்மாத்து தோசைக்கல் கறுப்பு. உச்சியில ரெண்டு பக்கமும் யாளி நீட்டிண்டிருக்கு."

"டிராகன்."

"யாளிதான். நம்மூர்க் கோயில் தூண்ல இருக்கே, அதோட ஒண்ணுவிட்ட தம்பி."

அவர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார். பிறகு, "ஜன்னலுக்கு மேல சன்ஷேடு இருக்கா?" என்று கேட்டார்.

ஷ்யாமளா சுற்றும் முற்றும் பார்த்தாள். "ஜன்னலே காணும். ஆனா கூரை நன்னா வெளியில வந்து நிக்கறது. ஒரு சொட்டு உள்ளே போகாது."

"செம்பூர்ல யார்கிட்டயும் சொல்லிடாதே."

அவள் சிரித்துவிட்டாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

உள்ளே கும்மிருட்டு. உயரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டைகள், அவ்வளவுதான் வெளிச்சம். மரத்துக்குப் பூசியிருந்த தாரின் வாசனை மூக்கில் ஏறிற்று. வந்தவர்கள் எல்லாரும் கையைத் துழாவிக்கொண்டு, ஒருவர் காலை ஒருவர் மிதித்து, ஸாரி சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஷ்யாமளாவுக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஒரு கை அவள் முழங்கையைப் பிடித்தது.

"குனி. இங்கே உள்வாசல் தணிவு. இப்போ வலது கைப்பக்கம் தூண், தொட்டுப் பாரு." தூண் இருந்தது. "இந்தண்டை வா. இன்னொண்ணு." அதுவும் இருந்தது. வாயாலேயே முப்பது வருஷமாகக் கட்டிய கட்டடம். அவருக்கு வழி தெரிந்திருந்தது. ஒரு தூணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். ஷ்யாமளா அவசரப்படுத்தவில்லை.

வெளியே வரும்போது வாசலில் டிக்கெட் பார்க்கிற பெண், "ஹா தே!" என்றாள். ஷ்யாமளா பையில் கடைசியாகக் கிடந்த பாக்கெட்டை அவளிடம் கொடுத்தாள். மானசா தலையில் அடித்துக்கொண்டு காரை எடுக்க முன்னால் நடந்தாள்.

வெளிச்சம் முகத்தில் அடித்தது. எதிரே கல் படி. எங்கே முடிகிறது, எங்கே தரை தொடங்குகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. ஓரமாகத் தலையைத் திருப்பிப் பார்த்தார், தேவாலயத்தையா படியையா என்று சொல்லமுடியாது. பிறகு மனைவி நின்ற பக்கமாகக் கையை நீட்டினார்.

"ஹா தே," என்றார்.

அப்பா கோயிலுக்கு டாட்டா சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு மானசா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

ஷ்யாமளா கையைக் கொடுத்தாள்.