பைபிள் உட்கார்ந்த சீட்டு

"சாமி புஸ்தகத்த ஒக்கார வச்சிட்டு மனுசங்கள நிக்க வைக்கிறியே, இன்னாம்மே, இத உங்க ஏசப்பாவா சொல்லிக் குடுத்தாரு?"

ஜெயம்மா இப்படிக் கேட்டது காலை ரயிலில், பெட்டி முழுக்கக் காதில் விழும்படியாக. ஈவ்லினுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே இன்னும் விடியாததால் கண்ணாடியிலும் அவள் முகமேதான் தெரிந்தது.

பெங்களூர் வேலைக்குப் போகிற தங்கவயல் சனத்துக்கு அந்த ரயில் இன்னொரு வீடு மாதிரி. பல் மட்டும்தான் அங்கே துலக்குவதில்லை. ரயில் புறப்படுவது மாரிகுப்பத்திலிருந்து. அங்கே ஏறுகிறவர்களுக்கு ஒரு பொறுப்பு உண்டு. உரிகத்திலும் கோரமண்டலிலும் ஏறப்போகிற தங்கள் ஆட்களுக்கு சீட்டுப் பிடித்து வைக்க வேண்டும். துண்டைப் போடலாம், சாப்பாட்டுப் பையை வைக்கலாம். போட்டது போட்டதுதான். ஆனாலும் கூட்டம் மிஞ்சிப் போனால் துண்டு கொஞ்சம் கொஞ்சமாக நகரும். பை தானாகவே கீழே இறங்கிவிடும்.

ஈவ்லின் ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு துணி கம்பெனியில் பட்டன் தைக்கிறவள். மாரிகுப்பத்துக்காரி. அவளோடு ஒரே சபைக்குப் போகிறவர்கள் நாலைந்து பேர் உரிகத்தில் ஏறுவார்கள். எதிரெதிர் பெஞ்சுகளில் உட்கார்ந்து பாடுவார்கள், ஜெபம் பண்ணுவார்கள், துண்டுப் பிரசுரம் கொடுப்பார்கள். தலைவர் சாமுவேல் அண்ணன், வெண்கலக் குரல். ஈவ்லினுக்கோ நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். அதனால் அவளுக்கு வாய்த்த ஊழியம் சீட்டுப் பிடிப்பது.

ஒருநாள் அவளுடைய துப்பட்டாவை யாரோ சுருட்டித் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாள் துப்பட்டாவுக்குப் பதில் பைபிளை வைத்துப் பார்த்தாள். ஒருவரும் தொடவில்லை. ஒரு அம்மாள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தள்ளிப் போய் நின்றாள். சாமுவேல் அண்ணன், இது தேவன் கொடுத்த ஞானம் என்று மெச்சினார். அப்புறம் ஆளாளுக்கு வீட்டில் இருந்த பழைய பைபிள்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஜன்னலோரத்தில் கன்னட பைபிள், நடுவில் தமிழ், ஓரத்தில் தெலுங்குச் சங்கீதப் புத்தகம் என்று மூன்று பாஷையும் உட்கார்ந்து பயணம் செய்தன. ஜெயம்மா ஏறுவது சாம்பியனில், உரிகத்துக்கு முந்தின ஸ்டேஷன். மாலூரில் ஒரு ஹாஸ்டலில் பாத்திரம் கழுவுகிறவள், முட்டி வலிக்காரி. காலி சீட்டைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஏறி, மாலூர் வரை நிற்பாள்.

அன்று ஈவ்லின் ஜெயம்மாவிடம் ஒரு துண்டுப் பிரசுரத்தைத்தான் நீட்டினாள். ஒருவருக்காவது நல்ல செய்தியைச் சொல்லுங்கள் என்று ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் சொல்லியிருந்தார். இரண்டு நாள் ஜெபம் பண்ணித் தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு நீட்டிய கைக்குத்தான் அந்தக் கேள்வி வந்து விழுந்தது.

பகலெல்லாம் பட்டன் கோணலாகவே போனது. ஜெயம்மா அந்தப் புத்தகங்களில் ஒரு வரிகூடப் படித்ததில்லை. அவளைப் பொறுத்தவரை அது தன்னை நிற்க வைக்கிற கனமான ஒரு சாமான். அவ்வளவுதான். அதை நினைக்க நினைக்க ஈவ்லினுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் சாம்பியனில் ஜெயம்மா ஏறியதும், ஈவ்லின் கன்னட பைபிளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, உட்காருங்கள் அக்கா என்றாள். ஜெயம்மா சந்தேகத்தோடு சீட்டைத் தடவிப் பார்த்தாள், ஈரம் கீரம் இருக்கிறதா என்று. அப்புறம் எழுப்பமாட்டாயே என்று உறுதியும் வாங்கிக்கொண்டுதான் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். தமிழும் தெலுங்கும் மடிக்கு வந்துவிட்டன.

உரிகத்தில் ஏறியவர்கள் திகைத்துப் போனார்கள். ஈவ்லினோடு சின்ன வயதிலிருந்து ஞாயிறு பள்ளியில் ஒன்றாக வளர்ந்தவள் நிக்கோல். ஒயிட்ஃபீல்டு வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இறங்கும்போது, "எங்களுக்கு அல்லேலூயா, அவங்களுக்கு சீட்டா? நல்லாகீதுடி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாமுவேல் அண்ணன் கோபப்படுகிறவர் இல்லை. எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் ஜெபம் நடக்கும், ஜெபம் நடந்தால்தான் நாலு பேருக்கு நம் விசுவாசத்தின் சாட்சி தெரியும் என்று பொறுமையாக விளக்கினார். நாளைக்கு வழக்கம்போல் வைத்துவிடு என்றார். இவர்களை விட்டால் ஈவ்லினுக்கு வேறு சிநேகிதம் கிடையாது. இருந்தாலும் சொல்லிவிட்டாள்.

"நிக்கிறவங்களுக்கு நம்ம சாட்சி தெரியலண்ணா. நாம சீட்டு புடிச்சதுதான் தெரியுது. நான் இனிமே பைபிள் வைக்க மாட்டேன்."

அவள் வாழ்நாளில் ஒரே மூச்சில் பேசியதில் அதுதான் பெரியது.

அடுத்த நாளே குழு பக்கத்துப் பெட்டிக்கு மாறியது. அங்கே சீட்டுப் பிடிக்க மேக்ஸ்வெல் என்ற பையன் கிடைத்துவிட்டான். சக்கரச் சத்தத்துக்கு நடுவே அவர்கள் பாட்டு ஈவ்லினுக்கு அரைகுறையாகக் கேட்கும். உதட்டுக்குள்ளேயே கூடப் பாடுவாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் நிக்கோல் வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

ஆனால் ஜெயம்மா பக்கத்தில் இருக்கும்போது யாரும் தனியாக இருக்க முடியாது. ஹாஸ்டல் வார்டன் நடக்கிற தினுசு, மருமகள் வைத்த ரசம் என்று எல்லாம் ஈவ்லினுக்கு மனப்பாடம் ஆயிற்று. ஒருநாள் ஜெயம்மா காலை நீட்டிக் காட்டினாள்.

"உங்காளுங்கதான் போயிட்டாங்க. நீயாவது என் முட்டிக்கு ஒரு ஜெபம் பண்ணேன்."

ஈவ்லின் கண்ணை மூடி முணுமுணுத்தாள்.

"ஒண்ணியும் கேக்கலியே."

"அவருக்குக் கேட்டா போதும்க்கா."

ஜெயம்மா சிரித்த சிரிப்பில் பெஞ்சு ஆடியது. எதிரில் இருந்த பெருமாள் என்கிற எலக்ட்ரீசியன், அப்படியானால் தன் மகளின் பரீட்சையையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். மறுநாள் பின் பெஞ்சிலிருந்து ஒரு கண் ஆபரேஷன் வந்தது. ஈவ்லின் ஒவ்வொன்றையும் நினைவில் வைத்துக்கொண்டு, மறக்காமல் விசாரிக்கவும் செய்தாள். துண்டுப் பிரசுரம் பைக்குள்ளேயே மடங்கிக் கிடந்தது.

இப்படியிருக்கையில் மேக்ஸ்வெல்லின் சித்தப்பாவுக்குக் கல்யாணம் வந்தது. விருந்து சாப்பிட்ட பையன் மறுநாள் எழுந்திருக்கவே இல்லை. உரிகத்தில் பக்கத்துப் பெட்டியில் ஏறியவர்கள் சீட்டில்லாமல் இடிபட்டு, தள்ளுமுள்ளில் இந்தப் பெட்டிக்கே வந்து சேர்ந்தார்கள். சாமுவேல் அண்ணனுக்குச் சட்டை கசங்கியிருந்தது. ஈவ்லினைப் பார்த்ததும் பார்வையைக் கூரை விசிறிக்குத் திருப்பினார்.

ஈவ்லின் எழுந்து நிக்கோலுக்கு இடம் விட்டாள். நிக்கோல் ஒரு கணம் தயங்கினாள். பிறகு அவள் கையைப் பிடித்து இழுத்து, "ரொம்பத்தான் பண்ணாத. பாதி பாதி ஒக்காரலாம் வா" என்றாள். இரண்டு பேரும் ஒரு சீட்டில் ஒட்டிக்கொண்டார்கள்.

ஜெயம்மா தன் பெஞ்சையே அதட்டி நகர்த்தினாள். அன்று அவள் பக்கத்தில் இருந்த பெருமாள் சுவரோடு சுவரானார்.

"பாட்டு வாத்தியாரே, இங்க வாங்க. கையளவு எடம் கீது."

சாமுவேல் அண்ணன் அந்தக் கையளவில் பாதி உடம்பை வைத்தார்.

"இந்தப் பொண்ணு எங்களுக்கெல்லாம் ஜெபம் பண்ணுது. ஆனா சத்தமே வராது. நீங்க கொஞ்சம் சத்தமா பாடுங்க, பாக்கலாம்."

சாமுவேல் அண்ணன் ஈவ்லினைப் பார்த்தார். பிறகு பாடினார். முதல் வரி கொஞ்சம் தடுமாறியது, அப்புறம் வெண்கலம் வந்துவிட்டது. பெருமாள் தாளத்தைத் தவறவிட்டுத் தவறவிட்டுத் தட்டினார். ஜெயம்மா வார்த்தை தெரியாத இடத்திலெல்லாம் "ஆமா, ஆமா" போட்டாள். இந்தப் பக்கம் ஒரு வரி முடிவதற்குள் அந்தக் கோடியில் நின்றிருந்த சபை ஆட்கள் அடுத்த வரிக்குப் போயிருந்தார்கள். பெட்டியே சிரித்துக்கொண்டு பாடியது. ஈவ்லினுக்கும் கொஞ்சம் குரல் வந்தது. நிக்கோல் திரும்பிப் பார்த்து முழங்கையால் இடித்தாள்.

மாலூரில் ஜெயம்மா எல்லாரிடமும் விடைபெற்று இறங்கினாள். அவள் விட்ட இடத்தில் சாமுவேல் அண்ணன் அப்போதுதான் நன்றாகச் சாய்ந்தார். அதே ஸ்டேஷனில் பூக்கூடையோடு ஒரு அம்மாள் ஏறி, கம்பிக்குக் கை எட்டாமல் தள்ளாடினாள். அவர் எழுந்தார். கூடையை வாங்கிக் கீழே வைத்து, அந்த அம்மாளுக்குச் சீட்டைக் காட்டினார். சட்டைப் பையில் இருந்த துண்டுப் பிரசுரத்தின் பக்கம் கை போகவில்லை. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒயிட்ஃபீல்டு வரை நின்றபடியே வந்தார்.

வழக்கமாக இறங்கும்போது, கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக என்று பெட்டிக்கே ஒரு முறை உரக்கச் சொல்லாமல் அவர் கால் படியில் பட்டதில்லை. நிக்கோல்கூட அதற்காகத் திரும்பிப் பார்த்தாள். அவர் கசங்கிய சட்டையை ஒரு முறை நீவிவிட்டுக்கொண்டார். ஈவ்லினைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் இறங்கிக் கூட்டத்தோடு நடந்தார்.