சிஸ்டம் த்ரீ

உத்தமனுக்கு உலகத்தில் பிடித்தது ஒன்றே ஒன்று. பிடிக்காதது மற்ற எல்லாம்.

தொடுதிரை போன் பிடிக்காது. பட்டன் போன் ஒன்றை வைத்துக்கொண்டு, கடையில் யாராவது க்யூஆர் கோடைக் காட்டினால் அதைப் பெருமையோடு எடுத்து ஆட்டுவான். ரீல்ஸ் பிடிக்காது, ரீல்ஸ் பார்க்கிறவர்களையும் பிடிக்காது. போனில் கலர் உருண்டைகளை உடைக்கிறவர்கள் தங்களை கேமர் என்று சொல்லிக்கொண்டால் ரத்தம் கொதிக்கும். கீபோர்டுக்கு அடியில் லைட் எரிந்தால், "கம்ப்யூட்டரா, கரகத்துக்குப் போட்ட சீரியல் செட்டா?" என்று கேட்பான். எல்லாவற்றையும்விட, அடுத்தவன் ஆடுவதை உட்கார்ந்து பார்த்து, திரையில் இதயம் இதயமாகப் பறக்கவிடும் கூட்டம் ஒன்று இருக்கிறதே, அதை நாட்டை விட்டே துரத்த வேண்டும் என்பது அவன் தீர்ப்பு.

ரிங் ரோட்டில் ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அங்கே அவன் அபிப்பிராயங்களுக்குக் கிராக்கி இல்லை. டீம் லீட் சுஹாஸ் அவனைவிடச் சின்னவன். டீ குடிக்கலாமா என்பதைக்கூட ஏஐயிடம் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பான். போன வாரம் உத்தமன், ஏஐ எழுதிய நிரலை நம்பி சர்வரில் ஏற்றக்கூடாது என்று ஆவேசமாக ஒரு நீண்ட மெயில் எழுதினான். சுஹாஸ் அதை ஏஐயிடமே கொடுத்துச் சுருக்கச் சொல்லி, வந்த ஒற்றை வரியை டீம் முழுவதற்கும் அனுப்பினான்: 'உத்தமனுக்குக் கவலையாக இருக்கிறது.'

"இஷ்டே அல்வா குரு, நீ சொன்னது?" என்று, இவ்வளவுதானே என்பதைக் கன்னடமும் தமிழும் கலந்து கேட்டுச் சிரித்தான். உத்தமன் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை.

அவன் பேச்சு எடுபட்ட ஒரே இடம் அவனுடைய கேம் சர்வர். பிடித்த அந்த ஒன்றும் அதுதான். கோலார் தங்கவயலில் காலேஜ் படித்த நாளில் பழகிய ஒரு துப்பாக்கி ஆட்டம். ஓடி ஒளிந்து சுடுவது. உலகமே அதை மறந்துவிட்டது. உத்தமன் மட்டும் தனியாக ஒரு சர்வர் வாடகைக்குப் பிடித்து அதை உயிரோடு வைத்திருந்தான். காக்ஸ் டவுன் க்ளென் முதலாக, அந்தக் காலத்து நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஞாயிறு மத்தியானம் அதில் கூடுவார்கள். ஆட்டத்துக்கு முன்னால் உத்தமன் அவர்களுடைய குழுப் பக்கத்தில் யாரையாவது திட்டி ஒரு கட்டுரை போடுவான். அவர்கள் அதைச் சுருக்காமல் முழுசாகப் படிப்பார்கள். "நெத்தியடி தல!" என்பார்கள். வாரம் பூராவும் பட்ட அவமானத்துக்கு அதுதான் மருந்து.

"என் வீட்டிலேயே ஒரு கட்டைவிரல் வாழ்கிறது," என்று ஒருமுறை எழுதினான். "காலையில் போனைத் தள்ள ஆரம்பித்தால் ராத்திரி தூங்கும்வரை தள்ளும். மேலே மூளை என்று ஒன்று இருந்ததே அதற்கு மறந்துவிட்டது."

அந்தக் கட்டைவிரல் அவன் மனைவி பாகீரதி. நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்தக் கூட்டத்தில் அவளுக்கு அதுதான் பெயர். "கட்டைவிரல் எப்படி இருக்கு?" என்று ஆட்டத்துக்கு நடுவே க்ளென் விசாரிப்பான். "சார்ஜ் போட்டிருக்கு," என்பான் உத்தமன்.

பாகீரதி ஸ்ரீராம்புரத்துப் பெண். ஒரு பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பில் வேலை. நோயாளிகள் எந்நேரமும் மெசேஜ் அனுப்புவார்கள், பதில் போட வேண்டும்; போன் கையிலேயே இருப்பது அதனால்தான். இதை அவள் சொல்லியிருக்கிறாள். அவன் காதில் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

தீபாவளிக்கு அவன் பாகங்கள் வாங்கிப் புது கம்ப்யூட்டர் ஒன்றைக் கட்டியபோது, பழையதைத் தூக்கி முன்னறையில் வைத்து, "நீ சீரியல் பாக்க ஆகும்," என்றான். ஒரு மெஷினைக் கைமாற்றுமுன் அதில் இருப்பதையெல்லாம் அழிக்க வேண்டும் என்று ஆபீஸில் ஊருக்கே பாடம் எடுப்பவன் அவன். வீட்டுக்குத்தானே என்று அழிக்காமல் அப்படியே கொடுத்தான். பிறகு ஜோகுபாளையத்து அந்தச் சின்ன மாடிவீட்டில் அவன் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டான், அவள் முன்னறையில். இருவருக்கும் நடுவே பேச்சு, 'சாப்பாடு', 'வை' என்ற அளவில் நின்றது.

புது வருஷம் பிறந்த கையோடு சர்வரில் ஒரு புது ஆள் முளைத்தது. பெயர் 'சிஸ்டம் த்ரீ'. மைக் போடாது, ஒரு வார்த்தை எழுதாது, திட்டினால் திருப்பித் திட்டாது. வந்த வேகத்தில் உத்தமனைச் சுடும். படிக்கட்டுக்குப் பின்னால் ஒளிந்தாலும் சுடும், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்தாலும் சுடும். மற்றவர்களையும் சுடத்தான் செய்தது. உத்தமனை மட்டும் தேடிவந்து சுட்டது.

"இது மனுஷன் இல்லடா, பாட். எவனோ ஒரு ப்ரோக்ராம ஆட வுட்டுட்டு ஓரமா உக்காந்து சிரிக்கிறான்," என்றான் உத்தமன். "பேரப் பாரு. மெஷினுக்கு வெக்கிற பேரு."

"எங்க ஒளிவன்னு தெரிஞ்சிக்கினு இருக்குடா," என்றான் க்ளென். "நீயும் எப்பப் பாரு அதே ரெண்டு எடத்துலயே ஒளியற. எதுக்கும் சர்வர்ல பதிவாகற லாக்க ஒரு தடவ பாரு, எங்கருந்து வருதுன்னு தெரியும்."

"எனக்கு லாக் எதுக்கு? கண்ணு இருக்குது."

அந்தக் கண்ணைக் கொண்டு, சிஸ்டம் த்ரீ தன்னைச் சுட்ட காட்சிகளைப் பதிவு செய்து, மெதுவாக ஓட்டி, வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை குழுப் பக்கத்தில் ஏற்றினான். கூடவே ஒரு கட்டுரை. முகமில்லாத கோழை, இணையத்தின் சாக்கடைப் புழு, அப்பன் பணத்தில் வாழும் தண்டச்சோறு. 'இன்று மத்தியானம் உங்கள் கண்முன்னால் இதைத் தூக்கி எறிவேன்' என்று முடித்தான். பாகீரதி கதவைத் தட்டிச் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்தாள். "வை," என்றான், திரையைவிட்டுத் திரும்பாமல்.

எல்லாரும் கூடினார்கள். சிஸ்டம் த்ரீயும் வந்தது. உத்தமன் மைக்கில் குற்றப்பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தபோதே அது முதல்முறையாக வாயைத் திறந்தது. திரையின் மூலையில் ஒரு வரி வந்தது: 'நான் ஏமாத்தல.'

"பாருங்கடா, பாட் பேசுது!" என்று உத்தமன் கத்தினான். "பேர மட்டும் தடுத்தா வேற பேர்ல வருவான் இவன். வீட்டையே மூடணும்."

இது அவனுடைய பழைய கொள்கை. தடை போட்டால் ஆளுக்கு இல்லை, ஆள் இணையத்துக்கு வரும் முகவரிக்கே போட வேண்டும். அந்த முகவரியிலிருந்து ஒரு ஈ உள்ளே வரக்கூடாது. அதற்கென்றே அவன் எழுதிவைத்த பட்டன் ஒன்று இருந்தது. அழுத்தினான்.

ஆட்டம் உறைந்தது. ஹெட்செட்டில் எல்லார் சிரிப்பும் பாதியில் அறுந்தது. மறுபடி நுழைந்து பார்த்தான், கதவு சாத்தியிருந்தது. சர்வரை நிர்வகிக்கும் பக்கத்தைத் திறந்தான், அதுவும் மறுத்தது. கேபிளைப் பிடுங்கிச் செருகினான். வெளியே நெட் நன்றாகத்தான் இருந்தது. அவனுடைய சர்வர் மட்டும் அவனை உள்ளே விடவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவன் தன் விரலால்.

முன்னறையில் நாற்காலி நகர்ந்தது. கதவு திறந்தது. பாகீரதி நின்றாள். கழுத்தில் அவனுடைய பழைய ஹெட்செட் தொங்கியது.

"எனக்கு நின்னுபோச்சு," என்றாள். "உங்களுக்குமா?"

அவன் அவளையே பார்த்தான். ஒரே வீடு, ஒரே கேபிள், ஒரே முகவரி. சர்வர் வேலை பார்ப்பவனுக்கு இதைப் புரிந்துகொள்ள இவ்வளவு நேரம் ஆகியிருக்கக்கூடாது.

"நீயா?"

"நான்தான். எங்கண்ணன் ப்ரௌசிங் சென்டர் வெச்சிருந்தாருன்னு பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே சொன்னேனே. காலேஜ் வுட்டதும் அங்கதான் இருப்பேன். கூட்டம் இல்லாதப்ப பசங்களோட இதத்தான் ஆடுவோம். மூணாவது சிஸ்டம் என்னுது, வேற யாரும் அதுல உக்கார மாட்டாங்க. நீங்களும் கேட்டுக்கினு மண்டைய ஆட்டினீங்க. கல்லாவுல காசு மட்டும் வாங்கிப் போட்டுக்கினு இருந்தேன்னு நெனச்சிட்டீங்க போல."

"சர்வர் அட்ரஸ் உனக்கு எப்படி..."

"நீங்க குடுத்த மெஷின்லயே எல்லாம் இருந்துச்சு. தட்டினேன், நேரா உங்க சர்வர்ல போயி நின்னுச்சு. உங்க குரூப்பும் தொறந்தே இருந்துச்சு. படிச்சேன்." அவள் குரல் உயரவில்லை. "ஹெட்செட்ல கேக்கவும் கேட்டேன். 'சார்ஜ் போட்டிருக்கு' வரைக்கும்."

வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். இவளா என்னைச் சுட்டது? இத்தனை வாரமும் சாம்பார் ஊற்றிவிட்டுப் போய், அந்தப் பக்கம் உட்கார்ந்து, தேடித் தேடிச் சுட்டது இவளா? அந்தக் கோபத்துக்கு நடுவிலும் நண்பர்கள் காத்திருப்பது உறுத்தியது. தடையை எடுக்க வேறு ஒரு இணைப்பு வேண்டும். அவனுடைய பட்டன் போனில் நெட் கிடையாது. கீழ்வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள்.

"உன் போன்லருந்து நெட் குடு," என்றான்.

"தரேன். உள்ள போனதும் ஒரே ஒரு வரி சொல்லுங்க. சிஸ்டம் த்ரீ ஏமாத்தலன்னு. நான்தான்னுகூட சொல்ல வேணாம். அது போதும்."

அவன் தலையை ஆட்டினான். அவள் போனை எடுத்து, கட்டைவிரலை அதன்மேல் வைத்தாள். போன் திறந்துகொண்டது. அவன் வேறு பக்கம் பார்த்தான்.

அவளுடைய இணைப்பில் நுழைந்து தடையை எடுத்தான். ஹெட்செட்டில் சத்தம் திரும்பியது.

"எங்கடா போன?" என்றான் க்ளென். "அந்தத் திருடன் யாருன்னு தெரிஞ்சிச்சா?"

சொல்ல வேண்டியது ரொம்பச் சின்ன வரி. ஆனால் அதைச் சொன்னால் அந்த வட்டமும் அம்புக்குறியும் பொய். கட்டுரை பொய். 'எனக்குக் கண் இருக்கிறது' பொய். சுஹாஸிடம் தோற்றதுபோல இங்கேயும் தோற்றால் அப்புறம் அவனுக்குப் போக இடமில்லை. பின்னால் பாகீரதி நிற்பது தெரிந்தது. அவள் மூச்சு கேட்டது.

"தெரிஞ்சிச்சு," என்றான் உத்தமன். "பக்கத்துத் தெருல எவனோ ஒருத்தன். கேபிள்காரன் ஏரியாவுக்கே ஒரே அட்ரஸ் குடுத்திருக்கான், அதான் நானும் மாட்டிக்கினேன். பாட்தான்டா அது. சந்தேகமே இல்ல."

மூச்சுச் சத்தம் நின்றது. அவள் மேசையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கதவை அறையவில்லை. அறைந்திருந்தால் அவனுக்குத் திட்ட ஏதாவது கிடைத்திருக்கும்.

வீட்டு இணைப்புக்கு மாறி ஆட்டத்தில் நுழைந்தான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்க் குந்தினான். அப்போது பெயர்ப் பட்டியலில் சிஸ்டம் த்ரீ வந்தது. தடையை எடுத்தவன் அவன்தான், எடுத்தது இருவருக்கும். அந்தப் பெயருக்குப் பக்கத்தில், இதுவரை எரியாத மைக் பச்சையாக எரிந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். நான்தான் சிஸ்டம் த்ரீ." முதலில் குரல் கதவு வழியாக வந்தது. ஒரு கணம் கழித்து ஹெட்செட்டில் வந்தது. "பக்கத்துத் தெரு இல்லைங்க, பக்கத்து ரூம். கட்டைவிரல் பேசறேன்."

உத்தமனின் மௌஸ் அவள் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பட்டனுக்குப் போனது. ஒரே அழுத்தில் அவள் வாயை அடைக்கலாம். ஆனால் அழுத்தினால் யார் அழுத்தியது என்று அத்தனை பேருக்கும் தெரியும். பயம்தான் அவன் விரலைப் பிடித்தது, நல்ல புத்தி இல்லை.

"சிஸ்டர்," என்றான் க்ளென். குரல் உள்ளே போயிருந்தது. "நாங்களும் சிரிச்சோம். தப்புதான். மன்னிச்சிருங்க."

"சிரிச்சீங்க. அத நான் மறக்கப் போறதில்ல. இப்ப என் ஸ்கிரீன எல்லாருக்கும் காட்டறேன். ஏமாத்தறேனான்னு நீங்களே பாத்துக்குங்க."

ஒவ்வொருவராக ஆட்டத்தைவிட்டு வெளியேறி அவள் திரையைப் பார்க்கப் போனார்கள். க்ளென்தான் முதலில் போனான். மைதானம் காலியானது. உத்தமனும் தன் திரையின் ஓரத்தில், அவள் திரையைக் காட்டும் சின்ன ஜன்னலைத் திறந்து பார்த்தான். அவள் கண்ணில் தெரிந்த சந்து, அதன் கடைசியில் தண்ணீர்த் தொட்டி. அவசரமில்லாமல் சுற்றிக்கொண்டு போனாள். தொட்டிக்குப் பின்னால் ஒருவன் முதுகைக் காட்டிக் குந்தியிருந்தான். திரையின் அடியிலிருந்து முதல் இதயம் பறந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை.

படிக்கட்டுக்கு ஓடலாமா என்று நினைத்தான். அதுவும் அவளுக்குத் தெரிந்த இடம்தான். கதவுக்கு அந்தப் பக்கம் மௌஸ் ஒருமுறை சொடுக்கும் சத்தம் கேட்டது. திரையில் அவன் சுடப்பட்டு விழுந்தது அதற்கப்புறம்தான்.